மாமியாரோடு காப்பி மலைக்கு

என் மாமியார் என்னோடு பேச்சை நிறுத்திய எட்டாவது மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏற்காட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போனோம்.

பேச்சு நின்றதற்குக் காரணம் எங்கள் வாசலில் நின்ற முருங்கை மரம். அந்த வருஷம் மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. சுவரில், கொடியில் காயும் துணியில், ஒருநாள் குடத்தின் கழுத்தில்கூட ஊர்ந்தது. எனக்குக் கையும் கழுத்தும் தடித்துப்போய் சொறிந்தே பொழுது போனது. மாமியார் பௌர்ணமிக்குத் திருவக்கரை கோயிலுக்குப் போயிருந்த அன்றைக்கு, எதிர்வீட்டில் அரிவாள் வாங்கிவந்து மரத்தை இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிட்டேன். நெற்றியில் குங்குமத்தோடு திரும்பி வந்தவர் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அடுத்த மாதமே மரம் நாலு பக்கமும் துளிர்த்துவிட்டது. அவர் வாய் மட்டும் திறக்கவில்லை.

சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஒரே அடுப்பில் சமைத்தோம். ஒரே கொல்லைக்குக் கூலிக்குப் போய்ப் பக்கத்துப் பக்கத்துச் சாலில் வேர்க்கடலை பிடுங்கினோம், எங்கள் பேச்சில் மல்லாட்டை. பேச்சு மட்டும் என் கணவர் வழியாகப் போய்வந்தது.

"கொழம்புல உப்பு பத்தலன்னு சொல்லுடா."

"உப்பு டப்பா பக்கத்துலதான் கீதுன்னு சொல்லுங்க."

மூன்று பேரும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருப்போம். என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்பார். சென்னையில் சென்ட்ரிங் வேலை அவருக்கு. வாரக் கடைசியில்தான் வருவார். அவர் இல்லாத நாட்களில் ஆட்டிடம் பேசிக்கொள்வோம். "உனக்குத் தழை போட இந்த ஊட்ல ஆளே இல்லியா?" என்று மாமியார் ஆட்டைக் கேட்டால், நான் எழுந்துபோய்த் தழை போட வேண்டும் என்று அர்த்தம்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. நடவு இல்லை. எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது, ஊரில் வேலை இல்லையென்றால் சும்மா உட்கார வேண்டியதுதான். கணவரோடு சென்ட்ரிங் வேலை செய்த ஒருவருக்கு ஏற்காடு சொந்த ஊர். அவர் மனைவி அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை செய்தார். பழம் பறிக்க ஆள் போதவில்லை, தங்க லைன் வீடு தருவார்கள், பொங்கல் வரைக்கும் வேலை இருக்கும் என்று சொல்லியனுப்பியிருந்தார். நான் போகிறேன் என்றேன். மாமியார் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே மகனிடம் சொன்னார்.

"ஒண்டியா எப்புடி அனுப்புறது? நானும் வர்றேன்னு சொல்லு."

கணவர் என்னைப் பார்த்தார். "கேட்டுச்சா?"

ஆட்டை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, ஒரு பையில் கேப்பை மாவும் இன்னொரு பையில் வறுத்த மல்லாட்டையும் எடுத்துக்கொண்டு கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் பஸ் ஏறினோம். விழுப்புரத்தில் இறங்கி சேலம் பஸ் பிடித்தோம். மாமியார் அதுவரைக்கும் விழுப்புரத்தைத் தாண்டி மேற்கே போனதில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் என்று ஒவ்வொரு ஊரையும் கண்டக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டே வந்தார். பக்கத்தில் இருந்த என்னைக் கேட்டிருக்கலாம், நான் போர்டைப் படித்துச் சொல்லியிருப்பேன்.

சேலத்தில் மலைக்குப் போகும் பஸ்ஸில் மாறினோம். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது வளைவிலேயே மாமியாரின் முகம் வெளுத்துவிட்டது. என்னிடம் எலுமிச்சம்பழம் இருந்தது. நீட்டினால் வாங்குவாரோ மாட்டாரோ என்று பயம். எழுந்துபோய்க் கண்டக்டரிடம் கொடுத்தேன்.

"அந்தம்மாவுக்கு இதைக் குடுங்க. மோந்து பாத்துக்கினே வரச் சொல்லுங்க."

கண்டக்டர் ஒருமாதிரி பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே டிக்கெட் எடுத்தீங்க?"

"ஆமாங்க. மாமியார்."

அவருக்கு அது போதுமாக இருந்தது. பழத்தை வாங்கிக்கொண்டு போய், "உங்க மருமக குடுத்துச்சும்மா" என்று கொடுத்துவிட்டு வந்தார். மாமியார் பழத்தை வாங்கிக்கொண்டு, "எடுத்துக்கினேன்னு சொல்லுங்க" என்றார். பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். பதினான்காவது வளைவில் அவர் வாந்தி எடுத்தபோது நான்தான் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அப்போதும் இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணிதான் இருக்கும். எங்கள் பக்கத்தில் அந்த நேரத்துக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கே புகை மாதிரி மேகம் மரங்களுக்கு நடுவில் நடந்துபோனது. உயரமான சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, கீழே நிழலில் ஆள் உயரத்துக்குக் காப்பிச் செடி. பச்சை இலைக்கு நடுவில் கொப்பு நெடுக சிவப்புப் பழம், கோர்த்து வைத்த மணி மாதிரி. அதுவரை காப்பி என்றால் எனக்குக் கடையில் தொங்கும் சின்ன பாக்கெட்தான்.

சென்ட்ரிங்காரரின் மனைவி எங்களை அழைத்துப்போய் லைன் வீட்டைக் காட்டினார். வரிசையாகப் பத்து வீடு, ஒரே கூரை. எங்கள் வீட்டுக்கு அடுத்தது அவருடையது. அவரை நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். மாமியாருக்குப் பெரிய நிம்மதி. ஆட்டுக்கும் மகனுக்கும் பதிலாகப் பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.

முதல் நாள் வேலையில் மாமியார்தான் எல்லோருக்கும் முன்னால் போனார். இடுப்பில் சாக்குப் பையைக் கட்டிக்கொண்டு, ஒரு கொப்பைப் பிடித்து, மல்லாட்டைச் செடியில் காயை உருவுகிற மாதிரி ஒரே இழுப்பு. சிவப்பு, மஞ்சள், பச்சை, இலை எல்லாம் சேர்ந்து பைக்குள் வந்து விழுந்தது. அரை மணி நேரத்தில் அவர் பை நிரம்பிவிட்டது. என்னுடையதும் ஏறக்குறைய அப்படித்தான். மலைக்காரப் பெண்கள் இன்னும் கால் பைகூட நிரப்பவில்லை. மாமியார் அவர்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது.

வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி வந்தார். ஒல்லியான, வயசான மனிதர், தலையில் குல்லா. பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்துவிட்டு அப்படியே குந்திவிட்டார்.

"ஏம்மா, எந்த ஊரு?"

"திண்டிவனம் பக்கம்."

"அங்க மாடு மேயற மாதிரியா பறிப்பாங்க?"

அவர் கோபமாகத்தான் கேட்டார், ஆனால் மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். சிவப்பை மட்டும், ஒவ்வொன்றாக, லேசாகத் திருகி எடுக்க வேண்டும். பச்சை அடுத்த சுற்றுக்கு. கொப்பு ஒடிந்தால் புதுசு விட்டுக் காய்க்க இன்னும் காலம் ஆகும். கொட்டிய பழத்தை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து தனித்தனியாகப் பிரித்தோம். பிரித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அன்றைக்கு முழுக்க மாமியாரின் கழுத்து நிமிரவேயில்லை. ஆனால் நாலாம் நாள் பார்க்கிறேன், அவர் விரல்கள் இலைக்குள் புகுந்து சிவப்பை மட்டும் தொட்டுத் தொட்டு எடுக்கின்றன. கண்ணால் பார்க்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை.

வேலையைவிடக் குளிர்தான் பேஜாராக இருந்தது. அதிலும் கூழ். ஊரில் ராத்திரி கேப்பை மாவைக் கரைத்து வைத்தால் காலையில் நன்றாகப் புளித்திருக்கும். மலையில் அது கரைத்தது கரைத்தபடியே சில்லென்று கிடந்தது. இரண்டு நாள் புளிக்காத கூழைக் குடித்துவிட்டு மாமியார் அக்காவிடம் முறையிட்டார்.

"இன்னா ஊரும்மா இது, கூழுகூட புளிக்க மாட்டேங்குது."

"இங்க எதுவும் சீக்கிரம் புளிக்காதுங்க. பானையைச் சூடா வெச்சுப் பாருங்க."

மறுநாள் விடிகாலையில் நான் கண் விழித்தபோது, கூழ்ப் பானை மாமியாரின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. மாமியார் பக்கத்தில் ஒரு சேலையைப் போர்த்திக்கொண்டு கைகால் சுருட்டிக் கிடந்தார். என் கம்பளியை எடுத்து அவர்மேல் போட்டுவிட்டு அடுப்பு மூட்டப் போனேன். எழுந்ததும் அவர் அக்கா வீட்டு வாசலில் நின்று சத்தமாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "யாரோ போத்திவுட்டிருக்காங்க. நல்லாத்தான் இருந்துச்சு." கூழும் அன்றைக்குப் புளித்திருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சம்பவம் நடந்தது. காலை ஒன்பது மணி. மேகம் இறங்கியிருந்ததால் நாலு செடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மற்றவர்கள் மேல் சரிவில் இருந்தார்கள், அவர்கள் பேச்சு மட்டும் கேட்டது. நானும் மாமியாரும் கீழ் வரிசையில். அவர் எனக்கு முன்னால் இருபதடி தூரத்தில் பறித்துக்கொண்டிருந்தார். செடிகளுக்கு நடுவில் சடசடவென்று ஏதோ முறிந்தது. கறுப்பாக ஒரு முதுகு அசைந்தது.

"எவன் ஊட்டு எரும இது?" என்றார் மாமியார், பொதுவாகக் காற்றைப் பார்த்து. "காப்பிச் செடியெல்லாம் மெதிச்சிக்கினு. அவுத்து வுட்டுட்டு ஊட்ல படுத்துக்கினு இருப்பான் போல."

ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டார். "ஹேய், ஹேய்" என்று நாக்கைச் சுழற்றிச் சத்தம் கொடுத்துக்கொண்டே அதை நோக்கி நடந்தார். ஊரில் கொல்லைக்குள் புகுந்த எருமையை எப்படி விரட்டுவாரோ அப்படியே, கொஞ்சமும் அவசரப்படாமல்.

மேகம் கொஞ்சம் விலகியது. அது தலையைத் தூக்கியது. தோளுக்கு மேல் ஒரு திமில், வளைந்த கொம்பு, நாலு காலிலும் முழங்கால் வரைக்கும் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை. மலைப் பாதையில் வனத்துறை வைத்திருந்த எச்சரிக்கைப் பலகையில் அதே படத்தைப் பஸ்ஸிலிருந்து நான் பார்த்திருந்தேன். மாமியார் அப்போது எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடியிருந்தார். காட்டெருமை.

என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"அத்தே."

அவர் சட்டென்று நின்றார். அந்த மிருகத்துக்காக நிற்கவில்லை. நான் கூப்பிட்டதற்காக நின்றார். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முழுசாக என் பக்கம் திரும்பி, குச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"இப்பதான் கூப்புடத் தெரிஞ்சுதா உனக்கு?"

"அத்தே, அது எருமை இல்ல. இப்பிடி வாங்க. ஓடாதீங்க, மெதுவா வாங்க."

"எட்டு மாசம்மே. எட்டு மாசமா ஒரு வார்த்த கூப்புட்டியா?"

அவருக்குப் பின்னால் அது ஒரு முறை மூச்சை விட்டது. கொல்லன் துருத்தி மாதிரி அந்தச் சத்தம். அதைக் கேட்ட பிறகுதான் மாமியார் திரும்பிப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு மாமியார் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, பின்பக்கமாகவே அடி மேல் அடி வைத்து என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இருவரும் ஒரு சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் ஒட்டி நின்றோம். அது கொஞ்ச நேரம் யோசித்தது போலிருந்தது. பிறகு சரிவில் இறங்கியது. அதன் பின்னால், நாங்கள் பார்க்கவே பார்க்காத இன்னும் நாலு, ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கடைசியாக ஒரு கன்று.

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எரும இல்லியாமே அது?"

"காட்டெருமை அத்தே."

"எனக்கு இன்னா தெரியும்? பாக்க எரும மாதிரிதான் கீது."

முதலில் யார் சிரித்தோம் என்று நினைவில்லை. மேஸ்திரி சத்தம் கேட்டு ஓடிவந்தபோது நாங்கள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தோம், கண்ணில் தண்ணீர் வர. அவர் தலையில் அடித்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் விஷயம் தோட்டம் முழுக்கப் பரவி, என் மாமியாருக்கு "எருமைக்காரம்மா" என்று பெயர் வந்துவிட்டது. அவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா எங்களை உட்கார வைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தார். தோட்டத்துக் கொட்டையை இரும்புச் சட்டியில் வறுத்து, கொஞ்சம் சுக்கும் கொத்துமல்லியும் சேர்த்து இடித்து, வெல்லம் போட்ட வரக்காப்பி. மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "கருகிப்போன கேப்ப மாதிரி கீது" என்றார். குடித்து முடித்துவிட்டு டம்ளரை மறுபடியும் நீட்டினார்.

அக்கா எழுந்து உள்ளே போனதும் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"மரத்த வெட்டுனது சரிதான்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எனக்குந்தான் அரிப்பு. வெட்டலாம்னு நானே நெனச்சிக்கினுதான் இருந்தேன். என்னக் கேக்காம வெட்டுனியேன்னு ரெண்டு நாளு கோவம். அப்புறம் கோவம் போயிடுச்சு. ஆனா பேச்ச எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நாளு ஆவ ஆவ கஷ்டமாப் போச்சு."

"எனக்கும் அப்பிடித்தான் அத்தே. நீங்க பேசுவீங்கன்னு நானும், நான் பேசுவேன்னு நீங்களும்."

"உங்கூட்டுக்காரன் நல்லா குந்திக்கினு துன்னான்," என்றார் மாமியார். "ரெண்டு பேரையும் உக்காரவெச்சி, பேசுங்கடின்னு ஒரு நாளாவது சொன்னானா?"

அதற்குள் அக்கா காப்பியோடு வந்துவிட்டார். அதன்பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை, எடுக்க வேண்டிய தேவையும் வரவில்லை.

அதிலிருந்து நாட்கள் வேகமாகப் போயின. மேஸ்திரி மாமியாரைக் காலையில் பறிக்கவும் மத்தியானத்தில் களத்துக்குமாக மாற்றிவிட்டார். தோல் நீக்கிக் கழுவிய கொட்டையைச் சிமெண்டுக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். அதைக் கிளறப் பலகை வைத்த கோல் இருந்தது. மாமியார் அதைத் தொடவில்லை. நெல்லைக் காயவைக்கும்போது செய்கிற மாதிரி, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் தேய்த்துத் தேய்த்துச் சால் விட்டுக்கொண்டே நடந்தார். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம், திரும்பி மறுபடி. அங்கே மட்டும்தான் நல்ல வெயில் விழும், அதனால் சம்பளமே இல்லாவிட்டாலும் அந்த வேலையை விடமாட்டேன் என்றார். கால் சூடாகிவிட்டால் உடம்பு முழுக்கச் சூடாகிவிடுமாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு ஏரிக்கு நடந்துபோவோம். ஆரஞ்சு வாங்கி உரித்துக்கொண்டே மனிதர்களை வேடிக்கை பார்ப்போம். ஒருமுறை ஒரு வேன் வந்து நின்றது. நம்பர் பலகையில் எங்கள் திண்டிவனத்து எண். உள்ளேயிருந்து இறங்கிய பெண்களின் பேச்சே சொல்லிவிட்டது. மாமியார் தலையைக் கோதிக்கொண்டு நேராகப் போனார்.

"எந்த ஊரு நீங்க?"

"விக்கிரவாண்டிங்க. நீங்க இந்த ஊரா?"

"ஆமா, இங்கதான்" என்றார் மாமியார். வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. "ஜல்தியா சுத்திப் பாத்துட்டுக் கெளம்புங்க. மூணு மணிக்கு மேல குளிரும், உங்க ஒடம்புக்குத் தாங்காது."

அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் ஆரஞ்சுத் தோலை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் எங்களை அழைத்துப்போக என் கணவர் வந்தார். நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். நானும் மாமியாரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்ததைக் கதவருகில் நின்று கொஞ்ச நேரம் கேட்டிருக்கிறார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?"

"ஏன், உனக்கு இன்னா கஷ்டம்?" என்றார் மாமியார். "அந்தப் பானைய எடுத்துக் கட்டு."

"எப்ப ஆரம்பிச்சீங்க? எங்கிட்ட சொல்லவே இல்ல."

"போனுல சொல்ற விஷயமா இது?" என்றேன் நான். உண்மையில் எங்கள் இருவருக்குமே அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. அவர் முகம் தொங்கிவிட்டது. எட்டு மாதம் நடுவில் உட்கார்ந்து பாடுபட்டவர் அவர் அல்லவா. அக்கா அவருக்குக் காப்பி கொடுத்து சமாதானப்படுத்தினார். காட்டெருமைக் கதையை மாமியார் நடித்தே காட்டினார், குச்சி வரைக்கும். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து, "இனிமே இங்க வராதம்மா" என்றார்.

"அடுத்த வருஷம் மேஸ்திரி வரச் சொல்லிட்டாரு," என்றார் மாமியார்.

நாங்கள் அடுத்த வருஷமும் போனோம். அதற்கடுத்த வருஷம் எங்கள் தெருவிலிருந்து ஏழு பெண்கள் எங்களோடு வந்தார்கள். பஸ்ஸில் மாமியார் ஒவ்வொருவருக்கும் சிவப்பு எது, பச்சை எது என்று கையில் மல்லாட்டையை வைத்துப் பாடம் நடத்திக்கொண்டே வந்ததில் ஒரு வளைவிலும் அவருக்குத் தலை சுற்றவில்லை. ஒரு வருஷம் என் கணவரும் விடுப்புப் போட்டு வந்தார். கொப்பை ஒடித்ததற்காக மேஸ்திரியிடம் தினமும் திட்டு வாங்கினார், மூன்றாம் நாளே பறிப்பை விட்டுவிட்டுப் பழ மூட்டை தூக்கப் போய்விட்டார்.

இந்த இரண்டு வருஷமாக மாமியாருக்கு முட்டி வலி. சரிவில் ஏற முடியவில்லை. அதற்கப்புறம் பிறந்த என் மகளைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருக்கிறார். நான் மற்றப் பெண்களோடு போய்வருகிறேன். மேல் சரிவில் ஒரு பாறை இருக்கிறது, அங்கே நின்றால்தான் போனில் டவர் கிடைக்கும். போன கார்த்திகையில் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஏறி நின்று கூப்பிட்டேன்.

"இங்க நல்ல மழமே," என்றார். "ஏரி ரொம்பிடுச்சு. நடவுக்கு ஆளு தேடிக்கினு கீறாங்க. உன் பொண்ணு இஸ்கூலுக்கு லீவுன்னு மழையிலயே ஆடிக்கினு கீது, சொன்னா கேக்கறதில்ல. அங்க எப்புடி, பழம் நல்லா புடிச்சிருக்கா?"

"நல்லா புடிச்சிருக்கு அத்தே. கொப்பு வளைஞ்சு கெடக்குது."

"களத்துல யாரு கீறாங்க இப்ப?"

"ஒரு புதுப் பொண்ணு. கோலாலதான் கிளறுறா."

போனில் மழைச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் ஏறியது.

"கோலுல கிளறுனா அடியில காயாது," என்றார். "செருப்பக் கழட்டச் சொல்லு அவள. நான் சொன்னேன்னு சொல்லு."

சொல்கிறேன் என்றேன். கீழே மேஸ்திரி விசில் ஊதினார். பையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.